லேபலில் ‘12’ என்றாலே பன்னிரண்டு வருடம் ஆகிவிடாது: கொழும்பில் முதல் விஸ்கி வாங்கப் போகிறவர்கள் கவனிக்க

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் முதல் தடவையாக விஸ்கி வாங்கப் போகிறவர்கள் இதை வாசித்துவிட்டுப் போங்கள். தங்க நிறத்தில் ‘12’ என்று பெரிதாக அடித்த ஒரு போத்தலை, பன்னிரண்டு வருட ஸ்கொட்ச் சிங்கிள் மோல்ட் (ஸ்கொட்லாந்தில் ஒரே வடிசாலையில் வடித்த மோல்ட் விஸ்கி) என்று நம்பவைத்து, கிட்டத்தட்ட அந்த விலைக்கே எனக்கு விற்றார்கள். அது ஸ்கொட்சும் இல்லை, சிங்கிள் மோல்ட்டும் இல்லை, பன்னிரண்டு வருடமும் இல்லை. முறைப்பாடு கொடுத்திருக்கிறேன், அது அதன் வழியில் போகட்டும் என்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. ஏமாற்றும் விதம் தெரிந்தாலே எந்தக் கடையிலும் தப்பிக்கொள்ளலாம்.

கல்யாண வீடுகளில் சாராயமும் பியரும் குடித்ததோடு சரி, விஸ்கி எனக்குப் புதிது. லண்டனில் இருந்து அத்தான் வந்திருந்தார். அவரோடு இருந்து ஆறுதலாக ஒன்றை ருசித்துப் பார்க்கலாம் என்று காலி வீதியில் ஒரு வைன் ஸ்டோர்ஸுக்குப் போனேன். அந்த இடங்கள் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கம்பிக்கு அந்தப் பக்கம் போத்தல்கள், இந்தப் பக்கம் தள்ளுமுள்ளு. பின்னால் நிற்கிறவர் நம் தோளுக்கு மேலால் காசை நீட்டுவார்.

“முதல் தரம் வாங்குறன் அண்ணா, காரம் குறைஞ்ச சிங்கிள் மோல்ட் ஏதும் இருக்கோ?” என்று கேட்டேன்.

“இருக்கு தம்பி. அசல் ஸ்கொட்ச், பன்னிரண்டு. நிறத்தைப் பாருங்கோ, பழசெண்டாத்தான் இப்பிடிக் கடுமையா வரும்” என்று போத்தலை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். கையில் தரச் சொன்னேன். காசைக் கட்டினால்தான் தரலாம் என்றார். கட்டியதும் பேப்பரில் சுற்றி, கறுப்பு சொப்பிங் பேக்கில் போட்டு நீட்டினார். பில் கேட்டதற்கு மெஷின் வேலை செய்யவில்லை என்று அடுத்தவரிடம் திரும்பிவிட்டார்.

வீட்டில் ஒரு வாய் குடித்ததுமே அத்தானின் முகம் மாறியது. தொண்டையில் ஸ்பிரிட் எரிவு, நாக்கில் எசன்ஸ் போட்ட இனிப்பு. போத்தலைத் திருப்பிப் பின்பக்க லேபலை வாசித்தார். இறக்குமதி செய்த மோல்ட் விஸ்கியும் உள்ளூர் ஸ்பிரிட்டும் கலந்து இலங்கையில் அடைக்கப்பட்டது என்று மிகச் சிறிய எழுத்தில் போட்டிருந்தது. அல்கஹோல் 36 வீதம். முன்பக்கத்து ‘12’க்குப் பக்கத்தில் வருடம் என்ற சொல் எந்த மொழியிலும் இல்லை. அது வெறும் பெயர்.

அன்றிரவு அத்தான் சொன்னவற்றைப் பிறகு நானும் தேடி வாசித்தேன். பிரித்தானியாவின் 2009 ஆம் ஆண்டு ஸ்கொட்ச் விஸ்கி ஒழுங்குவிதிகளின்படி, ஸ்கொட்ச் என்று பெயர் போட வேண்டுமென்றால் அது ஸ்கொட்லாந்திலேயே வடிக்கப்பட்டு, அங்கேயே ஓக் மரப் பீப்பாவில் குறைந்தது 3 வருடம் இருக்க வேண்டும். போத்தலில் அல்கஹோல் 40 வீதத்துக்குக் குறையக்கூடாது. ஆகவே 36 என்ற ஒரு இலக்கமே எனக்கு விற்றது ஸ்கொட்ச் இல்லை என்று காட்டிவிட்டது. சிங்கிள் மோல்ட் ஸ்கொட்ச் என்றால், மோல்ட் செய்த, அதாவது முளைக்கவிட்டு உலர்த்திய பார்லியில் இருந்து ஒரே வடிசாலையில் வடித்தது. 2012 இன் கடைசியிலிருந்து அதை ஸ்கொட்லாந்தில்தான் போத்தலில் அடைக்கவும் வேண்டும். இலங்கையில் அடைத்த சிங்கிள் மோல்ட் ஸ்கொட்ச் என்று ஒருவர் சொன்னால் அந்த இடத்திலேயே திரும்பி வந்துவிடுங்கள். வயதும் அப்படித்தான். 12 வருடம் என்று முறையாகப் போட்டிருந்தால், உள்ளே கலந்திருப்பவற்றில் ஆகக் குறைந்த வயதுடையதே 12 வருடம் என்று அர்த்தம்.

நிறத்தைக் காட்டி விற்றதுதான் பெரிய பொய். ஸ்கொட்சிலேயே நிறத்துக்காகக் கரமல் சேர்க்க சட்டம் அனுமதிக்கிறது. அடர்ந்த நிறம் ஷெரி என்ற வைன் இருந்த பீப்பாவில் இருந்தும் வரலாம், கரமலில் இருந்தும் வரலாம். வெளிச்சத்தில் பிடித்து வயது சொல்ல யாராலும் முடியாது.

உள்ளூர்த் தயாரிப்பு என்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. உள்ளூர்ப் பொருளை உள்ளூர் விலைக்கு, உள்ளதைச் சொல்லி விற்கட்டும். தென்னங்கள்ளில் வடித்து, ஹல்மில்ல மரப் பீப்பாவில் வைத்தெடுக்கும் நம் நாட்டுச் சாராயம் யாருடைய வேசமும் போடாமல்தானே விலைப்படுகிறது.

மறுநாள் போத்தலோடு கடைக்குப் போனேன். திறந்ததை எடுக்க மாட்டோம் என்றார். “நான் பன்னிரண்டு எண்டுதானே சொன்னனான், வருசம் எண்டு சொன்னனானோ?” என்று கேட்டார். நான் விடவில்லை. அப்புறம் சொன்னார், “விஸ்கி குடிச்சுப் பழகாத ஆளுக்கு எதைக் குடுத்தா என்ன தம்பி?” காசு போனதை விட இந்தச் சொல்தான் எனக்குச் சுட்டது. ஒப்பிட்டுப் பார்க்க வேறு ருசி தெரியாதவன் என்பதை வைத்தே விலை போட்டிருக்கிறார். சத்தமாகக் கதைக்கவும் முடியவில்லை. வெள்ளவத்தையில் நாலு அடிக்கு ஒரு தெரிந்த முகம். வைன் ஸ்டோர்ஸ் வாசலில் நின்று சண்டை பிடித்தான் என்று வீட்டுக்குச் செய்தி போய்விடும். அவசரமாக வாங்கி, சுற்றிக்கொண்டு, தலையைக் குனிந்தபடி போய்விடுவோம் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். நம்முடைய அந்த வெட்கம்தான் அவர்களுடைய மூலதனம்.

ஆகவே வெட்கப்படாதீர்கள். போத்தலைக் கையில் வாங்கிப் பின்பக்கத்தை வாசிக்கும் வரை காசைக் கொடுக்காதீர்கள். தர மாட்டேன் என்றால், எடுத்துப் பார்க்க விடும் சுப்பர்மார்க்கெட்டின் மதுப் பகுதிக்குப் போங்கள். மதுவரித் திணைக்களத்தின் ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம்தான், ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். என் போத்தலிலும் ஸ்டிக்கர் இருந்தது. உள்ளே இருப்பது ஸ்கொட்ச் என்று அது சொல்வதில்லை. டியூட்டி ஃப்ரீ சரக்கு என்று ஆட்டோவில் கொண்டுவந்து தருகிறவர்களிடம் வாங்கவே வேண்டாம். வெறும் போத்தலில் எதை நிரப்பினார்கள் என்று யாருக்குத் தெரியும்? மெதனோல் கலந்திருந்தால் கண் போகும், உயிரும் போகும்.

எதை வாங்குவது என்றும் கேட்பீர்கள். கிளென்ஃபிடிக் 12, கிளென்லிவெட் 12 இரண்டும் ஸ்பேசைட் பகுதியின் மென்மையான, பழவாசம் உள்ள சிங்கிள் மோல்ட்டுகள். மூன்று தரம் வடிக்கும் அயர்லாந்து ஜேம்சனும் புதியவர்களுக்கு இதமாக இருக்கும். லஃப்ரோய்க், ஆர்ட்பெக் போன்ற ஐலா தீவு விஸ்கிகளில் புகைவாசம் தூக்கலாக இருக்கும். அவற்றைப் பிறகு பார்க்கலாம். முழுப் போத்தலுக்குக் காசு கட்டுவதற்கு முன்னால் ஒரு நல்ல ஹோட்டல் பாரில் ஒரு ஷொட் கேட்டு, கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குடித்துப் பாருங்கள். அத்தான் என்னை அப்படித்தான் கூட்டிக்கொண்டு போனார். எனக்கு விற்ற பொருளுக்கும் அசலுக்கும் உள்ள தூரம் அங்கேதான் முழுதாக விளங்கியது.

உங்களுக்கும் இப்படி ஒன்றை விற்றிருந்தால் போத்தலை எறிந்துவிடாதீர்கள். முன், பின் லேபல்களையும் ஸ்டிக்கரையும் படமெடுத்து வைத்துக்கொண்டு பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு எடுங்கள். பில் தர மறுத்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள்.