பாதுகாப்புச் சாவி: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு ஒரு புலம்பல்

"அந்தக் குட்டிச் சாவி வாங்கலாமா, இல்ல ஓடிபியே போதுமா?" என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். கணக்குக்குள் நுழையும்போது நாம்தான் என்று நிரூபிக்கக் கணினியில் செருகித் தொடும், பென் டிரைவ் மாதிரியான சின்னக் கருவியைத்தான் சாவி என்கிறார். ஒரு வரியில் பதில் சொல்லத்தான் உட்கார்ந்தேன். எழுத எழுதப் பழைய கோபமெல்லாம் கிளம்பிவிட்டது. யூஎஸ்பி-சி, என்எஃப்சி, ஃபிடோ2 போன்ற விவரங்கள் அட்டைப்பெட்டியிலேயே இருக்கும், அதற்குள் போகவில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். சார்ஜ் போட வேண்டாம். அப்டேட் கேட்டு நச்சரிக்காது. சாவிக்கொத்தில் மற்ற சாவிகளோடு உரசி உரசி மேலே அச்சிட்டிருந்த எழுத்தெல்லாம் போய்விட்டது, வேலை மட்டும் முதல் நாள் போலவே நடக்கிறது. மடிக்கணினியில் செருகினால் நடுவில் இருக்கும் வட்டம் மினுக்கும், விரலை வைத்தால் கணக்கு திறந்துவிடும். ஆறு இலக்கத்தை மனதில் வாங்கித் தட்டி முடிப்பதற்குள் நேரம் தீர்ந்துபோகிற அவதி இல்லை. யாராவது தூக்கிக்கொண்டு போனாலும் பின் எண் தெரியாமல் அதிகம் விளையாட முடியாது. தொடர்ந்து மூன்று முறை தவறினால் கழற்றிச் செருகச் சொல்லும், எட்டு முறை தவறினால் பூட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு எல்லாவற்றையும் அழித்துத்தான் மறுபடி தொடங்க முடியும்.

ஆனால் இதன் உண்மையான அருமை வேறு. போலித் தளத்தில் இது வேலை செய்யவே செய்யாது. நம் கண் ஏமாறும். ஓர் எழுத்து மாறிய முகவரியை அவசரத்தில் யார் கவனிக்கிறார்கள்? சாவிக்கு அந்தத் தொல்லை இல்லை. எந்த முகவரியில் பதிவு செய்தோமோ அதே முகவரியை உலாவி சொன்னால்தான், நுழைவது நாம்தான் என்பதற்கு அது டிஜிட்டல் கையொப்பம் போடும். பக்கத்தை அச்சு அசலாக நகலெடுத்து வைத்தாலும் பயனில்லை. 2022 ஜூலையில், இணையதளங்களுக்குப் பாதுகாப்புச் சேவை தரும் கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தில் இது நேரடியாகவே நிரூபணமானது. ஒரு நிமிடத்துக்குள் குறைந்தது 76 ஊழியர்களுக்குப் போலி எஸ்எம்எஸ் போனது. மூன்று பேர் நம்பிக் கடவுச்சொல்லையும் கொடுத்துவிட்டார்கள். அப்படியும் உள்ளே நுழைய முடியவில்லை, ஏனென்றால் அங்கே எல்லோரிடமும் சாவி இருந்தது. அதே சமயத்தில் அதே பாணித் தாக்குதலில், மற்ற நிறுவனங்களுக்கு எஸ்எம்எஸ் அனுப்பித் தரும் ட்விலியோ நிறுவனம் மாட்டிக்கொண்டது.

சரி, இவ்வளவு நல்ல பொருளிடம் என்ன கோபம்? சாவியிடம் இல்லை. அதைச் செருகச் சொல்லும் திரையின் அடியில், சாம்பல் நிறத்தில், பொடி எழுத்தில் ஒரு வரி இருக்குமே, "வேறு வழியில் முயற்சிக்கவும்" என்று, அதனிடம்தான். அதை அழுத்திப் பாருங்கள். உங்கள் மொபைல் எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களைக் காட்டி, "இதற்குக் குறியீடு அனுப்பட்டுமா?" என்று பணிவாகக் கேட்கும். முன்வாசலுக்கு இரும்புக் கதவு போட்டுவிட்டுக் கொல்லைப்புறத்தைத் தாழ்ப்பாளே இல்லாமல் விட்டால் எப்படி?

நான் பயன்படுத்தும் ஒரு சேவையின் அமைப்புப் பக்கத்தில் சாவியும் மொபைல் எண்ணும் அடுத்தடுத்து நிற்கின்றன. எண்ணுக்குப் பக்கத்தில் பச்சையில் "பரிந்துரைக்கப்படுகிறது" என்ற முத்திரை வேறு. சாவிக்கு ஒன்றும் கிடையாது. எண்ணை நீக்கு என்று அழுத்தினால், நீக்குவதற்கு அந்த எண்ணுக்கே ஒரு குறியீடு அனுப்புகிறது. அதையும் உள்ளிட்டால், "குறைந்தபட்சம் ஒரு மீட்பு எண் தேவை" என்று சொல்லிப் பழைய இடத்திலேயே கொண்டுவந்து விடுகிறது. வாடிக்கையாளர் சேவையை அழைத்தேன். "உங்க பாதுகாப்புக்காகத்தான் சார் அது" என்றார் அந்தப் பையன். "அதே பாதுகாப்புக்காகத்தான் தம்பி எடுக்கச் சொல்றேன்" என்றேன். புகார் எண் கொடுத்தார். அதுவும் எஸ்எம்எஸ்ஸில்தான் வந்தது.

எஸ்எம்எஸ் என்றால் ஏன் இவ்வளவு அலறுகிறேன் என்று கேட்கலாம். அது குறியாக்கம் இல்லாமல் போகிறது, நெட்வொர்க்கில் கை வைத்தவர் படிக்கலாம். 2017-இல் ஜெர்மனியில், தொலைபேசி நிறுவனங்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் எஸ்எஸ்7 என்ற பழைய ஏற்பாட்டைப் பயன்படுத்தி வங்கிக் குறியீடுகளைத் திசைதிருப்பிப் பணம் எடுத்தார்கள். 2024 ஜனவரியில் அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையத்தின் எக்ஸ் கணக்கே பறிபோனது. அதோடு இணைந்திருந்த மொபைல் எண்ணை ஒருவர் தன் சிம்முக்கு மாற்றிக்கொண்டு கடவுச்சொல்லையும் மாற்றிவிட்டார், அவ்வளவுதான். இரண்டாம் கட்டச் சரிபார்ப்பை அங்கே அணைத்தே வைத்திருந்தார்கள் என்பது தனிக் கூத்து.

இதைவிடப் பெரிய கதை அதே ஆண்டு வெளிவந்த சால்ட் டைஃபூன் ஊடுருவல். சீன அரசோடு தொடர்புள்ளவர்கள் என்று அமெரிக்கா சொல்லும் ஒரு குழு, அங்குள்ள பெரிய தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்குள் புகுந்துவிட்டது. நீதிமன்ற உத்தரவின் பேரில் அரசு கேட்ட தகவல்களைக்கூட நகலெடுத்திருக்கிறார்கள். அரசு ஒட்டுக்கேட்பதற்கு நெட்வொர்க்கில் வசதி வைத்தே ஆகவேண்டும் என்று 1994-இலேயே அங்கே சட்டம் போட்டிருந்தார்கள். நல்லவர்களுக்கு மட்டும் திறக்கும் வழி என்று ஒன்று கிடையாது என்று குறியாக்க ஆய்வாளர்கள் அப்போதிருந்து தொண்டை வறளச் சொல்லிக்கொண்டிருந்ததுதான் நடந்தது. அந்த டிசம்பரில் அமெரிக்க இணையப் பாதுகாப்பு முகமையான சிசா, குறிவைக்கப்படக்கூடிய உயர்பொறுப்பாளர்களுக்கு ஒரு வழிகாட்டி வெளியிட்டது. எஸ்எம்எஸ் குறியீட்டை விடுங்கள், ஃபிடோ சாவிக்கு, அதாவது இந்த மாதிரிச் சாவிக்கு, மாறுங்கள் என்று அதில் நேரடியாகவே இருக்கிறது. நம் சேவைகள் அதைத் தலைகீழாகப் பிடித்துப் படித்தார்கள் போல.

நியாயமாகப் பார்த்தால் அவர்கள் பக்கமும் ஒரு வாதம் உண்டு. சாவியைத் தொலைப்பவர்கள் ஏராளம். அழுதுகொண்டு அழைப்பவருக்கு ஏதாவது ஒரு வழி காட்டித்தானே ஆகவேண்டும்? ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்கு வேறு தீர்வுகள் இல்லாமல் இல்லை. ஆப்பிள் கணக்கில் சாவி சேர்க்க வேண்டுமென்றால் குறைந்தது இரண்டு வேண்டும். ஒன்று போனால் இன்னொன்று, முடிந்தது. கூகுள் 2017-இல் கொண்டுவந்த அட்வான்ஸ்டு புரொடக்ஷன் திட்டத்தில் எஸ்எம்எஸ் குறியீட்டால் உள்நுழையும் வழியே கிடையாது. எல்லாம் தொலைந்தால் கணக்கை மீட்கச் சில நாள் காத்திருக்க வேண்டும். காத்திருக்கிறேன் ஐயா, எனக்கு என்ன கேடு?

சாவியின் எல்லையும் தெரிந்திருக்கட்டும். வாசலில் நிற்பதுதான் அதன் வேலை. உள்நுழைந்த பிறகு, இவர் ஏற்கெனவே நுழைந்தவர் என்று காட்ட உலாவியில் தங்கும் குக்கி என்ற சின்ன அடையாளத்தை ஒரு திருட்டு மென்பொருள் அள்ளிக்கொண்டு போனால் சாவிக்குத் தெரியக்கூடத் தெரியாது. அரசு உத்தரவோடு போய் நிறுவனத்திடமே உங்கள் தகவலைக் கேட்டால் சாவியை யாரும் தேடப்போவதில்லை. இன்னொன்று, பல சாவிகளில் உள் மென்பொருளைப் புதுப்பிக்கவே முடியாது. 2024 செப்டம்பரில் நின்ஜாலேப் என்ற பாதுகாப்பு ஆய்வுக்கூடத்தினர், சில சாவிகளுக்குள் இருக்கும் இன்ஃபினியான் சிப்பில் 14 ஆண்டுகள் யாரும் கவனிக்காமல் கிடந்த ஓட்டை ஒன்றைக் காட்டினார்கள். அதைப் பயன்படுத்தச் சாவியைக் கையில் வைத்துப் பிரித்து, ஆய்வுக்கூடக் கருவி வைத்து அளக்க வேண்டும் என்பதால் சாதாரண ஆட்கள் பயப்பட வேண்டியதில்லை. ஆனாலும் பழைய சாவி பழைய சாவியாகவேதான் இருக்கும்.

வாங்குவதானால் இரண்டாக வாங்குங்கள். முதலில் மின்னஞ்சலுக்குப் போடுங்கள், மற்ற கணக்குகளின் கடவுச்சொல்லெல்லாம் அது வழியாகத்தான் மாற்றப்படுகிறது. வாங்குவதற்கு முன்பே உங்கள் சேவை மொபைல் எண்ணை நீக்க விடுகிறதா என்று பார்த்துவிடுங்கள். விடாது என்றால் காசை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்து நட்சத்திரம் பெற வேண்டிய பொருள்தான். இரண்டரைதான் கொடுக்கிறேன். யாரோ செய்யும் தப்புக்குச் சாவியைத் தண்டிப்பது அநியாயம் என்று தெரிகிறது. ஆனால் நேற்று ராத்திரி யாரோ என் கணக்கில் அந்தச் சாம்பல் வரியை அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறார்கள். நான் கேட்காத ஓடிபி வரிசையாக வந்து விழுந்திருக்கிறது, ஒவ்வொன்றின் அடியிலும் "இதை யாரிடமும் பகிர வேண்டாம்" என்ற அறிவுரையோடு. இன்றைக்கு இதற்கு மேல் கொடுக்க மனசு வரவில்லை.