ஏற்காட்டுக் குளிரில் உதறிய கார்: இரண்டு குளிர்காலம் தேடிக் கண்டுபிடித்த கோளாறு

2013-ல் வாங்கிய பெட்ரோல் கார். வீடு ஏற்காட்டில், நாகலூர் போகிற வழியில். வாரத்துக்கு இரண்டு தடவையாவது இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலம் போய்வருவேன். ஒன்பது வருடம் ஒரு குறையும் வைக்காத வண்டி, 2022 டிசம்பரில் காலையில் ஸ்டார்ட் செய்ததும் உதற ஆரம்பித்தது. ஆர்பிஎம் முள் 600-க்கும் 1100-க்கும் நடுவில் ஏறி இறங்கும். ஸ்டீயரிங் நடுங்கும். சைலன்சரில் விட்டு விட்டு மிஸ்ஸிங் அடிக்கும். நாலைந்து நிமிடம் ஓடினால் சீராகிவிடும்.

சரியாகிவிடுகிறதே என்று நான் விட்டுவிட்டேன். விட்டிருக்கக் கூடாது. எங்கள் வாசல் நல்ல சரிவு. ஒருநாள் ரிவர்ஸ் எடுக்கும்போது இன்ஜின் அணைந்துபோனது. பிரேக்குக்குத் துணையாக இருக்கிற வேக்குவம் இன்ஜின் ஓடும்போதுதான் உண்டாகும். அணைந்த பிறகு இரண்டு மூன்று மிதிக்குத்தான் மிச்சம் இருக்கும். அதற்கப்புறம் பெடல் கல் மாதிரி ஆகிவிட்டது. ஹேண்ட் பிரேக்கை இழுத்து நிறுத்தினேன். பின்சீட்டில் என் மகள் இருந்தாள்.

அன்றே சேலம் கொண்டுபோனேன். முதல் பட்டறையில் நாலு ஸ்பார்க் பிளக்கும் மாற்றினார்கள். இரண்டாவது இடத்தில் இன்ஜினுக்குள் போகும் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியைக் கழற்றி கார்பன் சுத்தம் செய்தார்கள். மூன்றாவது இடத்தில் இன்ஜினைக் குளிர்விக்கும் நீரின் (கூலன்ட்) சூட்டை அளக்கும் டெம்பரேச்சர் சென்சார் புதிது. மூன்றுமே இந்த மாதிரி கோளாறுக்குப் பார்க்க வேண்டிய இடங்கள்தான், அதில் தவறில்லை. ஆனால் மறுநாள் காலை அதே உதறல். இன்னொருவர், "மலையில காத்து மெலிசு, அப்படித்தாங்க இருக்கும்" என்று அனுப்பிவைத்தார். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், காற்று மெலிசு என்பது உண்மை. ஆனால் மதியமும் அதே மெலிசுக் காற்றுதானே? ஒன்பது வருடம் அதே காற்றில்தானே ஓடியது?

செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மெக்கானிக் அண்ணாதான் சரியான கேள்வியைக் கேட்டார். "டீச்சர், இந்த வண்டி குளுந்து கெடக்கறப்ப ஒருத்தராவது பாத்தாங்களா?" யாரும் பார்க்கவில்லை. முப்பது கிலோமீட்டர் மலை இறங்கி வருகிற வண்டி எந்தப் பட்டறைக்கும் சூடாகத்தான் போய்ச் சேரும். ராத்திரி அங்கேயே விட்டாலும் சேலத்துக் காலை ஏற்காட்டுக் காலை ஆகாது.

2024 ஜனவரியில் ஒரு சனிக்கிழமை இரவே மேலே வந்து எங்கள் வீட்டில் தங்கினார். "காலையில நான் சொல்ற வரைக்கும் சாவியத் தொடாதீங்க" என்றார். காலை ஆறு மணி, வராந்தா தெர்மாமீட்டரில் 13 டிகிரி. இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ஆன் மட்டும் செய்து, வண்டியின் கம்ப்யூட்டர் காட்டும் அளவுகளைப் படிக்கிற ஸ்கேனரைச் செருகினார். கூலன்ட் 13, உள்ளே வரும் காற்று 14. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் இரண்டும் வெளிக்குளிரை ஒட்டியே காட்ட வேண்டும். காட்டியது. சென்சார் சரி என்பது அரை நிமிடத்தில் தெரிந்துவிட்டது. பழைய சென்சாரையும் யாராவது இப்படிப் பார்த்திருக்கலாம்.

ஸ்டார்ட் செய்ததும் உதறல். புகையைப் பார்த்து பெட்ரோல் அளவு சரியா என்று சொல்கிற ஆக்ஸிஜன் சென்சார் முதல் நிமிடத்தில் சூடாகியிருக்காது. அதுவரை கம்ப்யூட்டர் மனக்கணக்கில்தான் பெட்ரோல் விடும். சென்சார் விழித்துக்கொண்டதும் ஸ்கேனரில் ஃபியூல் ட்ரிம், அதாவது கம்ப்யூட்டர் தன் கணக்குக்கு மேல் கூட்டுகிற பெட்ரோல், பிளஸ் 18 சதவீதத்துக்கு ஏறியது. எங்கோ கணக்கில் வராத காற்று நுழைகிறது, அதைச் சரிக்கட்ட கம்ப்யூட்டர் கூடுதலாகப் பெட்ரோல் ஊற்றுகிறது. ஆக்ஸிலரேட்டரை மிதித்து ஆர்பிஎம்மை 2,500-ல் பிடித்தால் 4-க்கு இறங்கியது. காற்றுக் கசிவின் அடையாளம் இதுதான் என்றார்: இன்ஜின் அதிகக் காற்றை இழுக்கும்போது அந்தச் சின்ன ஓட்டை பெரிதாகத் தெரியாது, ஆக்ஸிலரேட்டர் மிதிக்காமல் ஐடிலில் ஓடும்போதுதான் உறைக்கும்.

இடம் கண்டுபிடிக்க என் ரோஜாச் செடிக்குத் தண்ணீர் அடிக்கிற ஸ்ப்ரே பாட்டிலையே கேட்டு வாங்கினார். சில பேர் கார்ப் க்ளீனர் அடிப்பார்கள். அது தீப்பிடிக்கும், வேண்டாம் என்றார். ஒவ்வொரு சிலிண்டருக்கும் காற்றைப் பிரித்துவிடும் குழாய்தான் இன்டேக் மேனிஃபோல்ட். அது இன்ஜின் தலையோடு (சிலிண்டர் ஹெட்) சேரும் இடத்தில் ஒவ்வொரு வாயாகத் தண்ணீர் பீய்ச்சினார். இரண்டாவது சிலிண்டருக்கு வந்ததும் சத்தம் மாறியது. தண்ணீர் அந்த இடுக்கை அடைத்த நொடியில் நடுக்கம் குறைந்தது. அந்த நொடியை நான் மறக்கவே மாட்டேன்.

கழற்றிப் பார்த்தால், அந்த இணைப்பில் காற்று கசியாமல் அடைக்கிற ரப்பர் கேஸ்கெட் இறுகிப்போய், இரண்டாவது வாய் ஓரத்தில் கீறல். குளிரில் சுருங்கி வழி விடுகிறது, சூடானதும் உப்பி அடைத்துக்கொள்கிறது. பிளக்குகளைக் கழற்றி வரிசை மாறாமல் துணியில் வைத்தார்: மூன்று இளம்பழுப்பு, இரண்டாவது மட்டும் வெளுப்பு. அந்த சிலிண்டரில் மட்டும் பெட்ரோல் போதாமல் எரிந்திருக்கிறது. முதல் பட்டறையில் பழைய பிளக்குகளை ஒரே டப்பாவில் கொட்டிக் கொடுத்தார்கள். வரிசையாக வைத்திருந்தால் ஒருவேளை அன்றைக்கே தெரிந்திருக்கும்.

கேஸ்கெட் செட் 640 ரூபாய். நட்டுகளை நடுவில் தொடங்கி வெளிப்பக்கமாக, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்கினார். பிளாஸ்டிக் மேனிஃபோல்ட் என்பதால் இதில் நான் கண்டிப்பாக இருப்பேன். கைக்கணக்கில் இறுக்கினால் விரிசல் விடும்.

அதன் பிறகு 23,000 கிலோமீட்டர், இரண்டு குளிர்காலம். ஸ்டார்ட் செய்ததும் ஆர்பிஎம் 1,300-ல் நின்று, சூடாக ஆக மெதுவாக 750-க்கு வருகிறது. மைலேஜ் லிட்டருக்கு ஒன்றரை கிலோமீட்டர் கூடியிருக்கிறது. ஒரு சின்னக் குறை: மழை நாளில் ஏசி போட்டால் முதல் நிமிடம் லேசாக அதிர்கிறது. அது இன்ஜினைத் தாங்குகிற இன்ஜின் மவுண்ட் என்று அண்ணா சொல்லியிருக்கிறார், அடுத்த சர்வீஸில் மாற்றப்போகிறேன். சொந்தமாக ஒரு புளூடூத் ஸ்கேனரும் வாங்கிவிட்டேன். மாதம் ஒருமுறை, வண்டி நன்றாகக் குளிர்ந்து நிற்கிற காலையில், அந்த இரண்டு டெம்பரேச்சரையும் ஃபியூல் ட்ரிம்மையும் நோட்டில் எழுதிவைக்கிறேன். இந்த மாதம் பிளஸ் 3.