புரொஃபைல் கோப்புடன் 12 ஆண்டுகள்

நேற்று இரவு நண்பர் ஒருவர் கேட்டார்: "என் புரொஃபைல் கோப்பு எங்கே இருக்கிறது?" கட்டளைத் திரையில் நமக்கு வேண்டிய அமைப்புகளை எழுதி வைக்கும் உரைக் கோப்பு அது. ஒரு வரியில் முடித்துவிடலாம் என்று தொடங்கியவன் முக்கால் மணி நேரம் தட்டிக்கொண்டிருந்தேன். பாதியிலேயே அவர் தூங்கிவிட்டார் போலிருக்கிறது. மிச்சத்தை இங்கே கொட்டுகிறேன்.

இடத்தில் குழப்பம் இல்லை, ஹோம் டைரக்டரிதான், அதாவது கணினியில் நம் கணக்குக்கான சொந்தக் கோப்புறை. பெயர் புள்ளியில் தொடங்குவதால் கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளை வெறுமனே அதைக் காட்டாது. ஹைஃபன் ஏ சேர்த்தால் வந்து நிற்கும். (இப்படி ஒளிந்துகொள்வதும் யாரும் உட்கார்ந்து யோசித்த ஏற்பாடு அல்ல. ஒற்றைப் புள்ளி (இதே கோப்புறை), இரட்டைப் புள்ளி (மேல் கோப்புறை) என்ற இரண்டு பதிவுகளைப் பட்டியலிலிருந்து நீக்க எழுதிய குறுக்குவழி, புள்ளியில் தொடங்கும் எல்லாவற்றையும் சேர்த்து விழுங்கிவிட்டது என்று யூனிக்ஸ் குழுவில் இருந்த ராப் பைக் எழுதியிருக்கிறார்.)

என் கோபமெல்லாம் 'எங்கே' என்பதில் இல்லை, 'எது' என்பதில். நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரலுக்கு ஷெல் என்று பெயர்; அதில் ஒரு வகை பாஷ். பாஷ், லாகின் ஷெல்லாக (கணக்கில் நுழையும்போது தொடங்கும் ஷெல்) தொடங்கும்போது எல்லோருக்கும் பொதுவான ஈடிசி புரொஃபைலை முதலில் படிக்கிறது. பிறகு நம் ஹோமில் .பாஷ்_புரொஃபைல், .பாஷ்_லாகின், .புரொஃபைல் என்று இதே வரிசையில் தேடுகிறது. முதலில் கிடைத்ததைப் படித்ததும் மற்றவற்றைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. எச்சரிக்கையாக ஒரு முனகலும் கிடையாது.

போன வாரம் ஒரு மென்பொருளை நிறுவினேன். அதன் ஸ்கிரிப்ட் என்னைக் கேட்காமல் .பாஷ்_புரொஃபைல் என்ற புதுக் கோப்பை உருவாக்கி, அதில் ஒரே ஒரு பாத் வரியை (நிரல்களை எங்கே தேடுவது என்று சொல்லும் வரி) எழுதி வைத்திருக்கிறது. மறுநாள் உள்ளே நுழைந்தால் என் அலியாஸ் (கட்டளைகளுக்கு நான் வைத்த சுருக்கப் பெயர்) ஒன்றும் இல்லை, சொந்த ஸ்கிரிப்டுகள் அகப்படவில்லை, கட்டளைக்காகக் காத்திருக்கும் பிராம்ப்ட் வரியின் நிறம் வெளுத்துக் கிடக்கிறது. .புரொஃபைலைத் திறந்து பார்த்தேன். 12 ஆண்டுகளாகச் சேர்த்ததில் ஓர் எழுத்துகூடக் குறையவில்லை. அதைப் படிக்கத்தான் ஆள் இல்லை! இரண்டு மணி நேரம் போன பிறகு, அந்த ஒற்றை வரியை .புரொஃபைலுக்கு மாற்றிவிட்டுப் புதுக் கோப்பை அழித்தேன்.

அந்த இரண்டு மணி நேரத்தில் ஒரு நல்லதும் நடந்தது. எக்கோ டாலர் பூஜ்யம் என்று தட்டினால் வரும் பதிலில் பாஷுக்கு முன்னால் ஒரு சிறு கோடு இருந்தால் அது லாகின் ஷெல். கோடு இல்லையென்றால் பெரும்பாலும் லாகின் அல்லாத ஷெல்லுக்கான .பாஷ்ஆர்சி கோப்புதான் படிக்கப்பட்டிருக்கும். எத்தனையோ முறை என் திரையில் வந்துபோன கோடு. அதற்கு ஓர் அர்த்தம் இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

நியாயமாகச் சொன்னால், மூன்று கணினிகள் மாறியும் என்னுடன் சிதையாமல் வந்தது இந்தச் சாதாரண உரைக் கோப்பு ஒன்றுதான். நகலெடுத்தேன், வேலை செய்தது. வேறு எந்த மென்பொருளின் அமைப்புகளைப் பற்றியும் என்னால் இப்படிச் சொல்ல முடியாது. ஆனாலும் இன்று மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு இரண்டுதான் கொடுப்பேன்.

காலையில் நண்பரின் பதில் வந்தது: "என்னிடம் இருப்பது புது மேக்." 2019இல் வந்த மேக்ஓஎஸ் கேட்டலினா பதிப்பிலிருந்து அங்கே புதிய கணக்குகளுக்கு இயல்பான ஷெல் பாஷ் அல்ல, இசட்-ஷெல். .இசட்புரொஃபைல், .இசட்எஸ்எச்ஆர்சி என்று கோப்புகளும் வேறு, படிக்கும் விதியும் வேறு. நான் முக்கால் மணி நேரம் தட்டியதில் அவருக்கு உதவக்கூடியது அந்த ஹைஃபன் ஏ மட்டும்தான்.