ஸ்ரென்ற் வைத்த நெஞ்சோடு இரணைமடுக் குளக்கட்டில் ஒரு மாதம்

மூன்று வருசத்துக்கு முன் ரொறன்ரோவில் எனக்கு மாரடைப்பு வந்தது. அடைபட்ட இதயக் குழாயை விரித்துப் பிடிக்க, ஸ்ரென்ற் என்ற சின்ன வலைக்குழாய் இரண்டு வைத்தார்கள். நடையில் தொடங்கி, இப்போது வாரத்தில் நாலு நாள் மெல்லோட்டம் ஓடுகிறேன். ஆடி மாதம் கிளிநொச்சிக்குப் போகப்போகிறேன், அங்கேயும் ஓடலாமா என்று என் இதய வைத்தியரிடம் கேட்டபோது, "அங்கே விழுந்தால் யார் தூக்குவார்கள்?" என்று அவர் திருப்பிக் கேட்டார்.

வந்திறங்கி முதல் மூன்று நாளும் நான் ஓடவில்லை. அந்தக் கேள்விக்குத்தான் பதில் தேடினேன். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ் இலவசம். 2016 இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி 2018 இல் வடக்குக்கும் வந்த சேவை. தமிழிலேயே பேசலாம். ஆனால் நான் ஓடப்போகும் இரணைமடுக் குளக்கட்டில் வீட்டு இலக்கம் இல்லை. ஆகவே எந்த ஒழுங்கையால் ஏற வேண்டும், குளக்கட்டில் எந்த இடம் என்பதை மனைவியின் தம்பியோடு நடந்து பார்த்து, ஒரு துண்டில் எழுதிப் போனுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். இதயக் குழாய் அடைப்பை எடுக்கும் வசதிக்கு யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குத்தான் போகவேண்டும். ஏ9 வீதியால் ஏறக்குறைய 65 கிலோமீற்றர். நெஞ்சு நொந்தால் "கொஞ்சம் பொறுத்துப் பார்ப்பம்" என்று வீட்டில் கிடக்க முடியாத தூரம் அது.

விடிய ஐந்தரைக்குத் தொடங்கி வெயில் ஏறமுன் முடித்துவிடுவேன். முதல் பத்து நிமிடம் நடை. மச்சான் சைக்கிளில் பக்கத்தில் வருவார். இதயத் துடிப்பைக் குறைக்கும் பிசோப்ரொலோல் குளிசையை நான் எடுப்பதால் நாடித்துடிப்பு உண்மையான களைப்பைக் காட்டாது. கடிகாரத்தை நம்பி ஓடினால் அளவு மீறிவிடும். அதனால் மச்சானோடு கதைத்துக்கொண்டே ஓடுவேன். ஒரு வசனத்தை மூச்சு விடாமல் முடிக்க முடியாவிட்டால் வேகத்தைக் குறைப்பேன். நெஞ்சுநோவுக்கு நாக்குக்குக் கீழ் அடிக்கும் ஸ்பிரே எப்போதும் சட்டைப் பையில்தான். வெயிலில் நிற்கும் வாகனத்துக்குள் அதை விட்டுவைக்கக் கூடாது. நெஞ்சு இறுகினால் உடனே உட்கார்ந்து அடிக்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் தணியாவிட்டால் 1990. இதை மச்சானுக்கும் சொல்லிக்கொடுத்து, திருப்பிச் சொல்ல வைத்தேன்.

இவ்வளவு பார்த்தும் ஒன்றைத் தவறவிட்டேன். ஆடியில் வன்னியில் சோளகக் காற்று அடிக்கும். வியர்வை தோலில் நிற்காமல் காய்ந்துவிடும், உடம்பு தண்ணீர் இழப்பதே தெரியாது. ஆறாம் நாள் ஒழுங்கைக்குள் இரண்டு நாய்கள் பாய்ந்து வர, ஓடிக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். கண் இருட்டியது. மச்சான் என்னை வேலிக்கரையில் கிடத்தி, காலைத் தூக்கித் தன் சைக்கிள் சீற்றில் வைத்தார். நெஞ்சுநோ இல்லை, இரண்டு நிமிடத்தில் தெளிந்தது. என்றாலும் ஆசுபத்திரிக்குப் போனோம்.

நான் கனடாவிலிருந்து கொண்டுவந்த பழைய ஈசிஜியை அங்கே இருந்த இளம் டொக்டர் வாங்கி, புதிதாக எடுத்ததன் கீழே வைத்து, பேனா முனையால் ஒவ்வொரு அலையாகத் தொட்டுத் தொட்டு ஒப்பிட்டார். "இது பழைய மாற்றம்தான், அண்ணை. புதுசா ஒண்டும் இல்லை" என்றார். அந்தக் கடதாசி இல்லாவிட்டால் என்னைக் கட்டிலில் கிடத்திப் பார்த்திருப்பார்கள். ஓட்டத்தைச் சட்டென்று நிறுத்தினால் இரத்தம் காலில் தேங்கும், பிரஷர் குளிசையும் தண்ணீர்க் குறைவும் சேர மூளைக்கு ஏறாது என்று விளக்கினார். "ஓடுறதை நிப்பாட்டச் சொல்லேல்லை. ஓடி முடிச்ச உடன நிக்காதேங்கோ, பத்து நிமிசம் நடவுங்கோ." ஒரு சதம் வாங்கவில்லை.

மனம் நொந்தது ஒரு பாமசியில்தான். 2.5 மில்லிகிராம் பிசோப்ரொலோல் கேட்க, வேறு பெயரில் 5 மில்லிகிராம் தந்தார்கள். வீட்டில் பெட்டியைப் படித்தபோதுதான் கண்டேன். கம்பனிப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும். மருந்தின் பெயரும் அளவும் எழுதிய கடிதத்தைக் கொண்டுபோய், கடையிலேயே நின்று ஒப்பிட்டுப் பாருங்கள். இளநீரும் ஆசையாகக் குடிப்போம். அதில் பொற்றாசியம் உண்டு, றாமிப்ரில் போன்ற பிரஷர் குளிசையும் பொற்றாசியத்தைக் கூட்டும். சிறுநீரகம் பலவீனமானவர்கள் கேட்டுவிட்டுக் குடிக்க வேண்டும்.

ஆசுபத்திரிக்குப் போன அன்று பின்னேரம் என் ஈசிஜியைப் பார்க்க மாமா வந்தார். கனநேரம் அதைக் கையில் வைத்திருந்துவிட்டு, "எனக்கும் குளக்கட்டில ஏறேக்க நெஞ்சு இறுக்கிறது, நிண்டா விட்டிடும்" என்றார். எவ்வளவு காலம் என்று கேட்டேன். "போன மாரியில இருந்து." வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அடுத்த நாள் நான் ஓடவில்லை. விடிய அவரை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போய் நம்பர் துண்டு எடுத்தோம். இப்போது அவரிடம் கிளினிக் கொப்பி இருக்கிறது, சட்டைப் பையில் ஸ்பிரேயும் இருக்கிறது.