ஃபென்பெண்டசோல் கலந்த எலித் தீவனம்: எட்டு வார அனுபவம்

எங்கள் ஆய்வக எலிக்கூடத்தில் 64 கூண்டுகள். சுண்டெலிகளின் ஆசனவாயில் செல்லோடேப்பை ஒட்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தேன். ஒருபக்கம் தட்டையான நீள முட்டைகள். சைஃபேசியா என்ற குடற்புழுவின் முட்டைகள் அவை. நம் பிள்ளைகளுக்கு வரும் கீரிப்பூச்சியின் உறவு. அன்று இரவு தூக்கமே வரவில்லை.

கிலோவுக்கு 150 மில்லிகிராம் ஃபென்பெண்டசோல் என்ற புழுக்கொல்லி மருந்து கலந்த தீவனம் வாங்கினோம். ஒரு வாரம் இது, மறுவாரம் சாதாரணத் தீவனம், இப்படி எட்டு வாரம். ஒவ்வோர் எலியையும் பிடித்து வாயில் மருந்து ஊற்ற வேண்டியதில்லை என்பதே பெரிய நிம்மதி. குட்டி போட்ட தாய்களைத் தொந்தரவு செய்யவே இல்லை. ஐவர்மெக்டின் என்ற இன்னொரு புழுக்கொல்லி மருந்து வேண்டாம் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். சில மரபணு மாற்ற எலிகளில் அது மூளைக்குள் புகுந்து உயிரையே எடுத்துவிடும்.

குறை: இரண்டு மூட்டைகளில் பாதி தூளாக இருந்தது. தயாரிப்புத் தேதியும் இல்லை. விற்றவரிடம் நாலு முறை கேட்டுத்தான் மாற்றி வாங்கினேன்.

தீவனத்தை மட்டும் நம்பாதீர்கள். முட்டை தூசியில் கிடக்கும், ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் சாகாது. கூண்டு, மரத்தூள், தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் கருவி) வைத்தோம். அப்புறம், ஆஸ்பிகுலூரிஸ் என்ற இன்னொரு புழுவின் முட்டை டேப்பில் ஒட்டாது. புழுக்கையை உப்புக் கரைசலில் மிதக்கவிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

கடைசி மூன்று பரிசோதனைகளிலும் முட்டை இல்லை. அடுத்த மாதம் மறுபடி பார்க்கிறேன்.