“வாசலிலிருந்தே ஸ்கீ செய்யலாம்” என்ற வரியை நம்பிப் பணம் கட்டாதீர்கள்

இதுவரை ஸ்கீயை, அதாவது பனியில் சறுக்கும் நீளப் பலகையை, காலில் மாட்டியே பார்க்காதவர்கள், குடும்பத்தோடு ஒரு பெரிய மலை ரிசார்ட்டுக்குக் குளிர்கால விடுமுறை போகலாம் என்று நினைப்பவர்கள், முன்பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான், என் மனைவி, 14 வயது மகன், 9 வயது மகள். இரண்டு வருடம் சேர்த்த பணம். ஆறு நாள் பயணத்தில் எல்லோரும் சேர்ந்து உருப்படியாகப் பனியில் நின்றது ஒன்றரை நாள்தான். மனைவியின் முழங்கால் இன்னும் முழுதாக மடங்கவில்லை.

பேக்கேஜை ஒரு பயண ஏஜென்ட் மூலம் எடுத்தோம். ஆல்ப்ஸ் மலையில் பெயர்பெற்ற, பல கிராமங்களை லிஃப்டுகளால், அதாவது ஆட்களை மலைமேல் ஏற்றிச் செல்லும் கம்பிவடங்களால், இணைத்த பெரிய ரிசார்ட். ஏஜென்ட் போனில் மிகப் பொறுமையாகப் பேசினார். “சார், கதவைத் திறந்தால் பனிச்சரிவு. வாசலிலேயே ஸ்கீயை மாட்டிக்கொண்டு இறங்கலாம், சாயங்காலம் வாசலுக்கே வந்து நிற்கலாம். லிஃப்ட் பாஸ், ஸ்கீ வகுப்பு, வாடகை ஸ்கீ, இன்சூரன்ஸ் எல்லாம் இதிலேயே அடக்கம். நீங்கள் பெட்டியோடு வந்தால் போதும்.” விளம்பரத்தில் மரவீட்டுப் பால்கனி, கீழே முழங்கால் ஆழத்துக்குப் பனி. அவர் சொன்ன ஒவ்வொன்றும் பொய் என்று சொல்ல முடியாது. பாதி உண்மையை வைத்து முழுப் பொருளையும் விற்றார். அதனால்தான் விவரமாக எழுதுகிறேன்.

நாங்கள் போய் இறங்கியபோது மழை பெய்துகொண்டிருந்தது. வாசலுக்கு எதிரே பச்சைப் புல், நடுவே அழுக்காக ஒரு பனித்திட்டு. தப்பான ஊருக்கு வந்துவிட்டோமோ என்று மகள் கேட்டாள். ஊர் சரிதான், உயரம்தான் தப்பு. பெரிய ரிசார்ட் என்பது ஒரே இடம் இல்லை. ஒரே பெயரின் கீழ் நாலைந்து கிராமங்கள் வெவ்வேறு உயரத்தில் இருக்கும். பிரான்சின் கூர்ஷவெலையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கிராமங்கள் சுமார் 1300 மீட்டரில் தொடங்கி 1850 என்ற எண்ணால் அழைக்கப்படும் மேல் கிராமம் வரை படிப்படியாக இருக்கின்றன. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக 6 டிகிரிக்கு மேல் குறையும். அதாவது மேலே பனி கொட்டும் அதே நேரத்தில் கீழே மழை பெய்யும். எங்கள் வீடு இருந்ததோ எல்லாவற்றிலும் கீழே இருந்த கிராமத்தில். ஏஜென்ட் கடைசி வரை ரிசார்ட்டின் பெயரைத்தான் சொன்னார், கிராமத்தின் பெயரைச் சொல்லவே இல்லை. நாங்களும் கேட்கவில்லை, ஏனென்றால் அப்படி ஒரு கேள்வி இருப்பதே எங்களுக்குத் தெரியாது.

செயற்கைப் பனி அடிக்கும் இயந்திரங்கள் சரிவோரம் வரிசையாக நின்றன. காற்றின் ஈரப்பதத்தையும் சேர்த்துக் கணக்கிடும் வெப்பநிலை உறைநிலைக்கு இரண்டு டிகிரியாவது கீழே போனால்தான் அவை சரியாக வேலை செய்யும் என்று லிஃப்ட் ஊழியர் ஒருவர் சொன்னார். மழையில் அவை சும்மா நின்றுகொண்டிருந்தன.

சரி, பனி பெய்திருந்தால் வாசலிலிருந்து ஸ்கீ செய்திருக்க முடியுமா? முடியாது. எங்கள் கிராமத்துக்கு இறங்கும் ஒரே சரிவு சிவப்பு நிறம். சரிவு எவ்வளவு கடினம் என்பதை நிறத்தால் குறிப்பார்கள். ஐரோப்பாவில் பெரும்பாலும் நீலம் எளிது, சிவப்பு நடுத்தரம், கருப்பு கடினம். பிரான்சு போன்ற இடங்களில் நீலத்துக்கும் கீழே பச்சை உண்டு. வட அமெரிக்காவில் பச்சை வட்டம், நீலச் சதுரம், கருப்பு வைரம். இந்த நிறங்கள்கூட எல்லா மலைக்கும் ஒரே அளவுகோல் இல்லை. ஒரு ரிசார்ட்டின் நீலம் இன்னொன்றின் சிவப்புபோலச் செங்குத்தாக இருக்கலாம். எப்படியானாலும், முதல் வாரம் கற்றுக்கொள்கிறவரை நடுத்தரச் சரிவில் இறக்கி வாசலுக்கு அனுப்ப முடியாது. நாங்கள் நாலு பேரும் புதியவர்கள் என்று ஏஜென்டுக்கு மின்னஞ்சலிலேயே எழுதியிருந்தேன். தெரிந்தேதான் அந்த வீட்டை எங்கள் தலையில் கட்டினார்.

அதனால் தினமும் லிஃப்டுக்கு நடை. ஸ்கீ பூட்ஸ் போட்டு நடந்தவர்களுக்குத்தான் அது தெரியும். கணுக்கால் மடங்காது, அடிப்பாகம் கட்டை மாதிரி இருக்கும், ஈரமான தார்ச்சாலையில் வழுக்கும். தோளில் உங்கள் ஸ்கீ, கையில் குழந்தையின் ஸ்கீ. ஏற்றமான சாலையில் இருபத்தைந்து நிமிடம். பஸ் உண்டு, ஆனால் முக்கால் மணி நேரத்துக்கு ஒன்று, காலையில் அதில் நிற்கவும் இடமில்லை. வீடு எடுக்கும் முன் வரைபடத்தில் வீட்டுக்கும் மிக அருகிலுள்ள லிஃப்டுக்கும் இடையே தூரத்தை நீங்களே அளந்துபாருங்கள். அந்த லிஃப்ட் எங்கே கொண்டுபோய் விடுகிறது, அங்கிருந்து பச்சை அல்லது நீலச் சரிவில் திரும்பி வர முடியுமா, இல்லை லிஃப்டிலேயே உட்கார்ந்து இறங்கிவிடலாமா என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் அந்த வீடு வேண்டாம்.

அடுத்தது பாஸ். பேக்கேஜில் பெருமையாகப் போட்டிருந்தது முழுப் பகுதிக்கான ஆறு நாள் பாஸ். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் சரிவு! பழகியவர்களுக்கு அது சொர்க்கம். பிரான்சின் ட்ருவா வாலே என்ற மூன்று பள்ளத்தாக்குகளில் சுமார் 600 கிலோமீட்டர் சரிவு இணைந்திருக்கிறது. கனடாவின் விஸ்லர் பிளாக்கோம்பில் இரண்டு மலைகளை இணைக்க, கம்பியில் தொங்கும் பெட்டிகளில் ஆட்களைக் கொண்டுபோகும் 4.4 கிலோமீட்டர் நீளக் கொண்டோலாவே 2008-இல் கட்டினார்கள். ஆனால் முதல் முறை வருபவர் மூன்று நாளாவது நிற்கப்போவது ஒரு சின்ன மைதானத்தில், தரையோடு நகரும் ‘மேஜிக் கார்ப்பெட்’ பட்டை மேல். பல ரிசார்ட்டுகளில் அந்த இடத்துக்கு மட்டும் தனியாக மலிவான பாஸ் உண்டு, சில இடங்களில் இலவசமே. எங்களிடம் நாலு பேருக்கும் முழு விலை வாங்கிவிட்டார்கள். போதாததற்கு இரண்டு நாள் காற்று பலமாக வீசியதால் கிராமங்களை இணைக்கும் மேல் லிஃப்டுகளையே நிறுத்திவிட்டார்கள். காற்றுக்கு லிஃப்ட் நிற்பது மலையில் சாதாரணம்; அதைக் குறை சொல்லவில்லை. எங்கள் பாஸோ தொடர்ச்சியான ஆறு நாளுக்கானது, நின்ற நாளும் அதில் கழிந்தது.

வகுப்பு விஷயம்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை. முதல் நாள் காலை ஸ்கீ பள்ளியின் கவுண்டரில் நாலு பேரும் உடையோடு போய் நின்றோம். பட்டியலில் எங்கள் பெயரே இல்லை. அந்தப் பெண் இரண்டு முறை தேடினார், பாவம், அவர் மேல் தவறில்லை. ஏஜென்ட் அனுப்பியது வெறும் விசாரணை. பள்ளி கேட்ட முன்பணத்தை அவர் கட்டவே இல்லை. பள்ளி விடுமுறை வாரம் வேறு, எல்லாக் குழு வகுப்பும் நிரம்பிவிட்டது. மற்றப் பிள்ளைகள் வண்ண மேலாடை போட்டு ஆசிரியர் பின்னால் வரிசையாக வாத்துக்குஞ்சு போலப் போவதை என் மகள் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றாள். மூன்றாம் நாள் யாரோ விலகியதால் அவளுக்கு மட்டும் ஒரு இடம் கிடைத்தது. மற்ற மூவருக்கும் நாலாம் நாள் காலை இரண்டு மணி நேரத் தனி வகுப்பு, அதுவும் கையிலிருந்து தனியாகக் கட்டி.

வகுப்பு பதிவாகிவிட்டது என்று யாராவது சொன்னால், ஸ்கீ பள்ளியே அனுப்பிய உறுதிச்சீட்டைக் கேளுங்கள். அதில் ஒவ்வொருவர் பெயரும், நிலையும், எந்த இடத்தில் எத்தனை மணிக்குக் கூட வேண்டும் என்பதும் இருக்க வேண்டும். பள்ளிக்கு நேராக ஒரு மின்னஞ்சல் போட்டுச் சரிபார்க்க ஐந்து நிமிடம் ஆகும். நான் அதைச் செய்யவில்லை.

அப்புறம் வாடகை ஸ்கீ. பூட்ஸை ஸ்கீயோடு பிடிக்கும் பைண்டிங், விழும்போது கழன்றுகொள்ள வேண்டும்; இல்லாவிட்டால் ஸ்கீ ஒரு பக்கம் திரும்ப முழங்கால் இன்னொரு பக்கம் திருகும். எவ்வளவு விசையில் கழல வேண்டும் என்பதை எடை, உயரம், வயது, பூட்ஸ் அடியின் நீளம், ஸ்கீ செய்பவரின் திறமை இவற்றை வைத்துக் கணக்கிடுவார்கள். புதியவர் என்றால் எளிதில் கழலும்படி வைப்பார்கள். ஏஜென்ட் முன்கூட்டியே அனுப்பியிருந்த படிவத்தில் எங்கள் நாலு பேரையும் ‘நடுத்தர நிலை’ என்று போட்டிருக்கிறார். அவர் விற்ற பேக்கேஜின் வகை அது என்பதுதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. கடையில் கூட்டம், எல்லாம் வேற்றுமொழி, நாங்கள் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டோம்.

நாலாம் நாள் மதியம் பச்சைச் சரிவில், நடைவேகத்தில் திரும்பும்போது மனைவி விழுந்தாள். பார்க்க ஒன்றுமில்லாத விழுகை. ஸ்கீ கழலவில்லை. அவள் கத்தியதை இருபதடி தள்ளி நின்று கேட்டேன். பைண்டிங்கில் வைத்திருந்த அந்த அளவுதான் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது, ஆனால் பிறகு கடையில் சரியான விவரம் சொல்லிக் கேட்டபோது அவளுக்கு இதைவிடக் குறைவாகத்தான் வைத்திருப்போம் என்றார்கள். கடைக்காரர் நீட்டும் படிவத்தில் ‘புதியவர்’ என்பதை நீங்களே உங்கள் கையால் குறியுங்கள், எடையைக் கூட்டியோ குறைத்தோ சொல்லாதீர்கள். பூட்ஸ் இறுக்கமாக இருக்க வேண்டும்: நேராக நிற்கும்போது கால்விரல் முனையைத் தொடும், முழங்காலை முன்னே வளைத்தால் சற்று விலகும். தாராளமாக இருக்கிறதே என்று பெரிய பூட்ஸை வாங்கிவிடாதீர்கள்.

மீட்புக் குழு பத்து நிமிடத்தில் வந்து அவளைப் பனிவண்டியில் படுக்கவைத்துக் கீழே கொண்டுவந்தார்கள். அருமையான மனிதர்கள். அன்று மாலை மீட்புக்கான பில் வந்தது. பேக்கேஜில் அடங்கிய இன்சூரன்ஸை அழைத்தபோது, அது சாதாரணப் பயண இன்சூரன்ஸ் என்றும் குளிர்கால விளையாட்டு அதில் விலக்கப்பட்டிருக்கிறது என்றும் சொன்னார்கள். ஸ்கீ விடுமுறை என்று விற்ற பேக்கேஜில் ஸ்கீ விபத்துக்கு இன்சூரன்ஸ் இல்லை! ஆல்ப்ஸில் பல இடங்களில் பாஸ் வாங்கும்போதே ஒரு சிறு தொகைக்கு நாள்கணக்கில் மீட்பு இன்சூரன்ஸ் சேர்த்துத் தருவார்கள். பிரான்சில் கார்ரே நேஜ் என்று ஒன்று இருக்கிறது. எங்கள் பாஸை வாங்கிய ஏஜென்ட் அதையும் சேர்க்கவில்லை. பாலிசியை வாங்கி, ‘குளிர்கால விளையாட்டு’, ‘சரிவிலிருந்து மீட்பு’, ‘ஹெலிகாப்டர்’ என்ற சொற்கள் எந்தப் பக்கத்தில் இருக்கின்றன, சேர்த்த பட்டியலிலா விலக்கிய பட்டியலிலா என்று பாருங்கள். குறியிட்ட சரிவுக்கு வெளியே போகிறவர்களுக்குத் தனி நிபந்தனை இருக்கும், அதையும் பாருங்கள்.

திரும்பி வந்ததும் ஏஜென்டுக்கு எழுதினேன். போனில் ‘சார், சார்’ என்றவர், நிபந்தனைத் தாளின் பதினோராம் பக்கத்தை மட்டும் அனுப்பினார். பனி நிலைமைக்குப் பொறுப்பில்லையாம், வகுப்பு ‘இடம் இருந்தால் மட்டும்’ என்றாம். பணத்தைக் கிரெடிட் கார்டில் கட்டியிருந்தோம். ஸ்கீ பள்ளி எழுதித் தந்த கடிதத்தையும் இன்சூரன்ஸ் மறுப்பையும் சேர்த்து வங்கியில் புகார் கொடுத்தேன். ஏழு வாரம் கழித்து வகுப்புக் கட்டணமும் இன்சூரன்ஸ் தொகையும் திரும்ப வந்தன. வீட்டு வாடகையும் பாஸும் வரவில்லை. ‘வாசலிலிருந்து’ என்று அவர் எழுத்தில் எங்கேயும் தரவில்லை, விளம்பரத்தில்தான் இருந்தது, அந்தப் பக்கத்தை நான் படம் எடுத்து வைக்கவில்லை. நேரடி வங்கிப் பரிமாற்றமாகக் கட்டியிருந்தால் இதுவும் வந்திருக்காது.

நேற்று அந்த விளம்பரத்தை மறுபடி பார்த்தேன். அடுத்த குளிர்காலத்துக்கு விற்கிறார்கள். அதே பால்கனி, அதே பனி, அதே வரி. கிராமத்தின் பெயர் இப்போதும் இல்லை.