486 டாலர் க்ராஃபிஷ் கேட்டரிங்: ஹூஸ்டன் மக்களே, உஷார்

குட் ஃப்ரைடே விருந்துக்கு ஒரு உணவகத்தில் க்ராஃபிஷ் (நன்னீரில் வாழும், இறால், நண்டு இனத்து உயிரி) கேட்டரிங் சொல்லி ஏமாந்தேன். உணவகத்தாரிடமிருந்து கடைசி பதில் இன்று மதியம்தான் வந்தது, அதனால் சூட்டோடு சூடாக எழுதுகிறேன். எப்படிப் பார்த்து வாங்குவது என்பதையும் முடிவில் சுருக்கமாகச் சொல்கிறேன்.

இங்கே குட் ஃப்ரைடே என்றால் பாதிப் பேர் வீட்டில் க்ராஃபிஷ் வேகும். ஊரிலிருந்து மாமனார், மாமியார் வேறு வந்திருந்தார்கள். வீட்டில் அத்தனை பெரிய அண்டா இல்லை. அதனால் பல கிளைகள் உள்ள ஒரு கேஜன்-கிரியோல் (லூசியானா பாணிச் சமையல்) உணவகத்தில் கேட்டரிங் சொன்னோம். பெயர் வேண்டாம். கம்போ குழம்பு, ஜம்பாலயா சோறு எல்லாம் போட்டு, சுவரில் மார்டி கிரா திருவிழா மணிமாலை தொங்கவிட்டிருக்கும் வகைக் கடை.

ஆர்டர் கொடுக்கப் போனபோது மேனேஜர் என்னைப் பின்பக்கம் கூட்டிப்போய், ஊதா நிற வலைச் சாக்கு ஒன்றைப் பிரித்துக் காட்டினார். உள்ளே எல்லாம் உயிரோடு கொடுக்கை ஆட்டிக்கொண்டிருந்தன. "லூசியானாவில் ப்ரோ பிரிட்ஜிலிருந்து காலையில் வந்தது. உங்களுக்கும் இதே மாதிரிதான்" என்றார். க்ராஃபிஷுக்குப் பேர்போன ஊர் அது. கண்ணால் பார்த்த பிறகு என்ன சந்தேகம் வரும்? 40 பவுண்ட், வரி, டெலிவரி எல்லாம் சேர்த்து 486 டாலர். அங்கேயே கார்டைத் தேய்த்தேன்.

வந்தது ஆறிப்போன நான்கு அலுமினிய ட்ரே. மேலே ஒரு அடுக்கு க்ராஃபிஷ், கிளறினால் அடியில் உருளைக்கிழங்கும் சோளமும். பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசில் க்ராஃபிஷை மட்டும் பையில் போட்டுத் தூக்கினோம். 23 பவுண்ட்! அதிலும் பாதி வால் சுருளாமல் நீட்டி நின்றது. வால் நீண்டிருந்தாலே வேகும் முன்பே செத்தது என்பார்கள். அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாதுதான். ஆனால் ஓட்டை உரித்தால் சதை கூழாக விரலில் ஒட்டுகிறதே! மாமியார் ஒன்றை முகர்ந்து பார்த்துவிட்டு, "இதை யாரும் தொடாதீங்க" என்று ட்ரேயை மூடிவிட்டார். 486 டாலர் குப்பைக்குப் போனது. விருந்தாளிகளுக்கு பீட்சா.

போன் போட்டால் அதே மேனேஜர், "வேகும்போது எடை குறையும் சார்" என்கிறார். குறையட்டும், பாதிக்குப் பாதியா குறையும்? "கேட்டரிங் எங்கள் கையில் இல்லை, தலைமை அலுவலகத்தைக் கேளுங்கள்" என்றார். அங்கே கேட்டால், "அந்தக் கிளை தனி முதலாளியுடையது, அவர்களையே கேளுங்கள்." போட்டோ அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினேன். "ட்ரேயைத் திருப்பிக் கொண்டுவந்தீர்களா?" என்று அடுத்த கேள்வி. நாற்றமெடுத்த ட்ரேயை வீட்டில் வைத்திருக்க வேண்டுமாம்! இன்று வந்த கடைசி பதில்: அடுத்த முறை சாப்பிட 25 டாலர் கூப்பன். அடுத்த முறையாம். 486 எங்கே, 25 எங்கே?

பணத்தைத் திரும்பக் கேட்டு கார்டு கம்பெனியில் டிஸ்ப்யூட் போட்டிருக்கிறேன். அந்த வேலையே இன்னும் முடியவில்லை, அதனால் சுருக்கமாக: க்ராஃபிஷ் எடை தனி, கிழங்கு சோளம் தனி என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். டெலிவரி ஆள் போவதற்குள் ட்ரேயை அடிவரை கிளறிப் பாருங்கள். டெபிட் கார்டு வேண்டாம், கிரெடிட் கார்டே போடுங்கள். ஸ்டேட்மென்ட் வந்து 60 நாளுக்குள் எழுத்தில் புகார் கொடுக்கலாம்.